செல்ப் சுற்றுகிறது, ஸ்டார்ட் பிடிக்கவில்லை: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு நகரத்தை அண்டிய ஒரு கராஜில், ஒரு ரிலேயில் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) இருந்த சிறு பழுதுக்காக எங்கள் குடும்பத்திடமிருந்து 112,000 ரூபாய் வாங்கப்பட்டது. அதில் 70,000 ரூபாய், மாற்றவே படாத ஒரு பாகத்தை மாற்றியதாகச் சொல்லி வாங்கிய பணம். கராஜின் பெயரை நான் இங்கு எழுதவில்லை, ஏனெனில் எழுத்துமூல முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதன் விசாரணைக்கு இடையூறு வரக்கூடாது. ஆனால் எந்த வழியில் ஏமாற்றப்பட்டோம் என்பதைப் பழைய வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டாலும், புதிய வாகனத்தின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், இருபது முப்பது வருடப் பழைய காரைத்தான் இன்னும் நம்பியிருக்கிறோம்.

எங்களுடையது 1998ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 110, பெற்றோல் கார். அம்மாவைப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக்குக்குக் கொண்டு போவது பெரும்பாலும் அத்தான்தான், அதுவும் இந்தக் காரில்தான். மழைக்காலத்தில் ஒரு காலை, செல்ப் (எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டர்) நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. பற்றரியில் குறையில்லை. கராஜில் இருந்தவர் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குழாயைக் கழற்றிப் பார்த்து, பெற்றோல் வரவில்லை, எனவே தாங்கிக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது என்றார். ஜப்பான் ஒறிஜினல் என்று ஒரு பம்பைப் பூட்டி, கூலியோடு 42,000 ரூபாய் கேட்டார். அதன் பிறகும் கார் பிடிக்கவில்லை. அப்போது, பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கும் இல்லை, ஆகவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் பெட்டி எரிந்துவிட்டது, பாவித்த பெட்டி ஒன்று கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. காசைக் கட்டியதும் கார் ஸ்டார்ட் ஆகி வீட்டுக்கும் வந்தது. சில நாட்களுக்குள் ஆரையம்பதி அருகே பிரதான வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. மீண்டும் அதே நிலை, செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

காரை இம்முறை கல்முனைப் பக்கத்தில் வயறிங் வேலை செய்யும் வயதான ஒருவரிடம் கட்டி இழுத்துச் சென்றோம். அவர் ஒரு பாகத்தையும் கழற்றவில்லை. திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பச் சொல்லி டாஷ்போர்டைப் பார்த்தார். ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் எரிந்தன, செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. "மகன், இந்த லைட் வராட்டி கொம்பியூட்டருக்குக் கரண்ட் போகுதில்லை. முதல்ல அதப் பாக்கணும், பிறகுதான் பம்பும் பெட்டியும்," என்றார். பொனட்டின் உள்ளே பியூஸ் பெட்டியைத் திறந்து, மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்பை வைத்து, ஈ.எஃப்.ஐ (மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் அமைப்பு) மெயின் ரிலேக்கு வரும் மின்சாரம் அதைக் கடந்து வெளியே வரவில்லை என்று எங்கள் கண்முன்னே காட்டினார். ரிலேயைப் பிடுங்கினால், அது பூட்டும் தளத்தின் ஒரு முனை பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. கடல் உப்புக் காற்று அடிக்கும் எங்கள் கரையோரத்தில் இது அரிதான பழுது அல்ல. முனையைச் சுத்தம் செய்து, இறுக்கி, வேறொரு ரிலே பூட்டினார். கூலியோடு 3,500 ரூபாய்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இத்தகைய டொயோட்டா கார்களில் அந்த மெயின் ரிலே கொம்பியூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிறது, பம்பை இயக்கும் ரிலேக்கும் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அது வேலை செய்யாவிட்டால் பம்ப் ஓடாது. எந்த நேரத்தில் ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையை அனுப்பக் கொம்பியூட்டர் விழித்திருக்காது என்பதால் ஸ்பார்க்கும் வராது. பெற்றோல், ஸ்பார்க் இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால், இரண்டு பாகங்கள் ஒரே காலையில் செத்துப்போயின என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் வழியைத் தேடுவதுதான் நேர்மையான திருத்துநர் செய்யும் முதல் வேலை. பம்புக்கு வரும் வயரில் மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. மின்சாரம் வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால்தான் பம்பைக் குறை சொல்லலாம். அதைப் பார்க்காமல் பம்பை மாற்றியவர், தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதை முதலில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கொம்பியூட்டர் பெட்டியைப் பார்த்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பல வருடங்களுக்கு முன் இந்தக் காருக்கு அலார்ம் பூட்டியவர், பெட்டியின் பிளக்கையும் அதைத் தாங்கும் தகட்டையும் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். அந்த டேப் வெயிலில் காய்ந்து இறுகி, வெட்டாமல் எடுக்க முடியாத நிலையில் அப்படியே இருந்தது. ஆணிகளின் தலையில் துரு, பெட்டியின் மேல் பழைய தூசி. யாருமே அதைத் தொட்டிருக்கவில்லை. அந்தக் கராஜில் ரிலேயை எப்போதோ அழுத்தியபோது தொடுப்பு தற்செயலாகக் கிடைத்து எஞ்சின் பிடித்திருக்க வேண்டும் என்றும், பெட்டி மாற்றிய கதை அதற்குப் பிறகு வந்தது என்றும் கல்முனைக்காரர் சொன்னார். எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை. டேப்பை வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டோம். பம்பைப் பொறுத்தவரை, எங்களுடைய பழைய பம்ப் நன்றாக ஓடியிருக்கக்கூடியது. அதைத் திருப்பிக் கேட்டபோது எறிந்துவிட்டதாகப் பதில் வந்தது.

உங்கள் காருக்கும் இந்த நிலை வந்தால், கராஜுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள். திறப்பை ஒன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரிந்தும் ஸ்டார்ட் பிடிக்கவில்லை என்றால், தொண்ணூறுகளின் பல டொயோட்டாக்களில் பொனட்டின் உள்ளே இருக்கும் சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ1 என்ற இரண்டு முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, திறப்பை ஒன் செய்தால், அதே விளக்கு மின்னி மின்னிப் பழுதின் இலக்கத்தைச் சொல்லும். இதற்கு விலையுயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. 12 என்று மின்னினால் டிஸ்றிபியூற்றரிலிருந்து (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் பாகம்) சுழற்சிச் சைகை கொம்பியூட்டருக்கு வரவில்லை, 14 என்றால் ஸ்பார்க் அடித்ததற்கான பதில் சைகை வரவில்லை. இடைவெளி மாறாமல் தொடர்ந்து மின்னினால் கொம்பியூட்டரில் எந்தப் பழுதும் பதிவாகவில்லை. இலக்கத்தை நீங்கள் முதலே அறிந்திருந்தால், எதிரே நிற்பவர் உங்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தயங்குவார். செல்ப் வழமையைவிட வேகமாகவும் தடையே இல்லாமலும் சுற்றினால் எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போது மேலும் செல்ப் அடிக்காதீர்கள். எந்த நிலையிலும் தொடர்ச்சியாக நீண்ட நேரம் செல்ப் அடித்தால் ஸ்டார்ட்டர் சூடேறிக் கெட்டுவிடலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பலரிடம் இருப்பவை பழைய டீசல் வான்கள். அவற்றில் ஸ்பார்க் இல்லை, டீசல் பம்பின் மேல் இருக்கும் சொலினொய்ட்டுக்கு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பு) மின்சாரம் வராவிட்டால் டீசல் நின்றுவிடும். அந்த ஒற்றை வயர் கழன்றதைச் சொல்லாமல், பம்பையே கழற்றி ஓவர்ஹோல் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை கேட்பதும் இதே வகை ஏமாற்றுத்தான்.

நாங்கள் அந்தக் கராஜுக்கு மீண்டும் போனபோது, பெட்டி மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று எங்களிடமே கேட்டார்கள். நல்லவேளையாக அத்தான் காசு கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு கேட்டு வாங்கியிருந்தார், அதில் கொம்பியூட்டர் பெட்டி 70,000 என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தகவலுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். எங்கள் முறைப்பாட்டோடு பற்றுச்சீட்டின் பிரதி, டேப் வெட்டப்படாமல் இருந்த படங்கள், கல்முனைக்காரர் தன் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். காரை ஒப்படைக்கும்போதே பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி, அதை வேலைச்சீட்டிலும் எழுதச் செய்யுங்கள். இதே பகுதியில் உங்களுக்கும் இப்படி நடந்து, கையில் பற்றுச்சீட்டு இருந்து, மூன்று மாதம் இன்னும் கடக்கவில்லை என்றால், தயவுசெய்து நீங்களும் உங்கள் முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள்.