பஸ்கோ: ஜீனோம் தொகுப்பின் முழுமையைச் சோதிக்கும் மென்பொருள்

டி.என்.ஏ. துணுக்குகளைக் கோத்து ஓர் உயிரினத்தின் ஜீனோமை, அதாவது முழு டி.என்.ஏ. வரிசையை, தொகுத்து முடித்ததும், அதில் என்னென்ன விடுபட்டிருக்கின்றன என்ற கேள்வி எழுகிறது. அதற்கு நான் முதலில் நாடுவது, ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2015இல் வெளியிட்ட பஸ்கோ மென்பொருளைத்தான். துண்டுகளின் நீளத்தை மட்டும் பார்க்கும் என்50 அளவு, தவறாக ஒட்டப்பட்ட துண்டுகளாலும் உயர்ந்துவிடும். பஸ்கோவோ, ஓர் உயிரினக் குழுவைச் சேர்ந்த இனங்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஒற்றைப் படியாகவே (ஒரே நகலாக) இருக்கும் மரபணுக்களைத் தொகுப்பில் தேடிப் பார்த்து விடை சொல்கிறது.

எந்தப் பட்டியலைக் கொண்டு தேடுகிறோம் என்பது மிக முக்கியம். பஸ்கோ பயன்படுத்தும் மரபணுப் பட்டியல்களின் ஒரு பதிப்பான ஓடிபி10 தரவில், யூகேரியோட்டுகள் (உட்கருவுள்ள செல்களைக் கொண்ட உயிரினங்கள்) அனைத்துக்கும் பொதுவான மரபணுக்கள் 255 மட்டுமே. நிலத்தாவரங்களுக்கு 1614, பாலூட்டிகளுக்கு 9226. நெருங்கிய குழுவின் பட்டியல் இருக்கும்போது 255ஐக் கொண்டு பெற்ற உயர்ந்த விழுக்காட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

முடிவுக் கோப்பின் ஒரே வரியில் முழுமையானவை, அவற்றுள் ஒற்றைப் படி எத்தனை, இரட்டித்தவை எத்தனை, துண்டுபட்டவை, காணாதவை என எல்லாம் வந்துவிடுகின்றன. பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். இரட்டித்தவற்றின் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முழுமை 97 விழுக்காடாக இருந்தும் அதில் 30 விழுக்காடு இரட்டித்தவை என்றால், தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் ஒன்றாகாமல் தனித்தனியே தங்கியிருக்கக்கூடும். அப்போது பர்ஜ் டூப்ஸ் போன்ற கருவியால் மிகையான படியைக் களைய வேண்டும். ஆனால் ஆறு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட ரொட்டிக் கோதுமையில் மிகுந்த இரட்டிப்பு இயல்பானதே. இந்த வேறுபாட்டை அந்த எண் சொல்லாது. உயிரினத்தை அறிந்தவரே சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. முழுமையாகத் தொகுக்கப்பட்ட டி2டி சிஎச்எம்13 மனித ஜீனோமுக்குக்கூட பஸ்கோ 95.7 விழுக்காடே தந்தது என்றும், தங்கள் கருவி 99.6 தந்தது என்றும் கம்ப்ளியாசம் கருவியை உருவாக்கியவர்கள் 2023இல் காட்டினார்கள். அதாவது, காணாதவை என்று பஸ்கோ பட்டியலிடும் மரபணுக்களில் சில தொகுப்பில் இருந்தும் கண்டுபிடிக்கப்படாதவை. சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) போன்ற, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் மறுநிகழ் பகுதிகளை பஸ்கோ அளப்பதே இல்லை. டி.என்.ஏ. எழுத்துகளில் உள்ள பிழைகளை அறிய, மூலத் துணுக்குகளின் கே-மெர்களை (குறிப்பிட்ட நீளமுள்ள சிறு எழுத்துத் தொடர்களை) தொகுப்போடு ஒப்பிடும் மெர்குரி என்ற கருவியையும் உடன் ஓட்டுவது நல்லது. அது தரும் க்யூவி என்ற தர மதிப்பு 40 என்றால் 10,000 எழுத்துகளுக்கு ஒரு பிழை.

கட்டணமற்ற திறமூல மென்பொருளான பஸ்கோவைக் கோண்டா என்ற மென்பொருள் நிறுவி வழியே எளிதாக நிறுவலாம். பெரிய ஜீனோம்களுக்குப் பொறுமை வேண்டும். தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முடிவை வெளியிடுவோர் பதிப்பு எண்ணையும் பட்டியலின் பெயரையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். அவை இல்லாத விழுக்காட்டை வேறெந்தத் தொகுப்போடும் ஒப்பிட முடியாது.