பழைய விதையா, புது பாக்கெட்டா, நாற்றா? ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு அலசல்

ஆடி நெருங்கினால் மாடித்தோட்டக்காரர்கள் வீட்டில் விதை டப்பா வெளியே வரும். பாதி தீர்ந்த வெண்டை பாக்கெட், தேதி முடிந்த மிளகாய், போன வருஷத் தக்காளி, சொந்தக்காரர் கொடுத்த பாகல் விதை. இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம்; அப்படியே தூவலாம்; முளைக்குமா என்று சோதித்துவிட்டு விதைக்கலாம்; நர்சரியில் நாற்றாகவே வாங்கலாம். நான்கும் நல்ல வழிதான். எல்லாப் பயிருக்கும் ஒரே வழியைப் பிடித்தால்தான் பட்டம் தவறுகிறது.

முதலில் பாக்கெட்டில் போட்டிருக்கும் அந்தக் கெடு தேதி. சான்று விதைக்கு, அதாவது சோதித்துச் சான்று கொடுத்த விதைக்கு, பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம் காலக்கெடு. மறுபடி சோதித்துத் தேறினால் இன்னும் 6 மாதம் நீட்டிக்கிறார்கள். குறைந்தபட்ச முளைப்புத்திறனுக்கு அதுவரை உத்தரவாதம், அவ்வளவுதான். மறுநாளே விதை செத்துவிடாது. அந்தக் குறைந்தபட்சமும் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. புது பாக்கெட்டிலேயே பத்து மிளகாய் விதையில் நான்கு முளைக்காமல் போனாலும் அது தேறிய விதைதான்.

மிளகாய்க்கும் பெரிய வெங்காயத்துக்கும் மட்டும் நான் யோசிக்காமல் புது பாக்கெட் வாங்கச் சொல்வேன். வெங்காய விதையை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. மிளகாயோ நிதானமாக முளைப்பது. நாற்று தயாராகவே 40 முதல் 45 நாள் ஆகும். பழைய விதையைப் போட்டு இரண்டு வாரம் காத்திருந்து ஏமாந்தால் பாக்கெட் காசு பெரிதில்லை, ஆடி போய்விடும்.

கீரைக்கு இதற்கு நேர்மாறு. முளைக்கீரை, சிறுகீரை விதை பழசாக இருந்தால் மணலோடு கலந்து கொஞ்சம் தாராளமாகத் தூவிவிடுங்கள். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். வராவிட்டால் அதே தொட்டியில் வேறு தூவலாம். இதே தைரியத்தைத் தக்காளி, கத்தரி நாற்றுத் தட்டில் காட்டக்கூடாது. அடர்ந்து முளைத்தால், ஈரமும் சேர்ந்து, தண்டு மண்மட்டத்தில் நைந்து சாயும். நாற்றழுகல் ஒரு மூலையில் தொடங்கினால் தட்டு முழுக்கப் பரவும்.

தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், பீர்க்கன், தட்டைப்பயறு ஆகியவற்றுக்குச் சோதனைதான் என் தேர்வு. பத்து விதையை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் போதும். வெயில் படாத, வெதுவெதுப்பான இடம் வேண்டும். துணி ஈரமாக இருக்கலாம், தண்ணீர் நிற்கக்கூடாது. தட்டைப்பயறு மூன்று நான்கு நாளில் வாய் திறக்கும். தக்காளிக்கு ஒரு வாரம். பாகலுக்குப் பத்து நாள் வரைகூட ஆகலாம். உயிருள்ள விதையிலிருந்து வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்க்கும். செத்த விதை கொழகொழத்துப் பூசணம் பிடிக்கும். அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஏழு எட்டு முளைத்தால் புது விதை போலவே நடலாம். நான்கைந்து என்றால் குழிக்கு இரண்டாகப் போடலாம். மூன்றுக்குக் கீழே போனால் வாங்கிவிடுவது மேல், ஏனென்றால் பழைய விதையில் முளைப்பு குறைவதற்கு முன்பே வீரியம் குறைந்துவிடும். வரும் செடியும் முன்னும் பின்னுமாக, சோனியாக வரும். சோதனையில் முளைத்ததையும் வீணாக்க வேண்டாம். வேர் கால் அங்குலம் வரும்போதே, வேரைத் தொடாமல் விதையைப் பிடித்து மண்ணில் வைத்துவிடலாம்.

தண்ணீரில் போட்டு, மிதப்பது சொத்தை, மூழ்குவது நல்லது என்று பிரிக்கிறார்கள் இல்லையா, அதை வைத்து விதையின் வயதை முடிவு செய்யாதீர்கள். செத்த விதையும் மூழ்கும்.

நர்சரி நாற்று அவசரத்துக்கு நல்லது. தக்காளியில் 25 நாள், கத்தரியில் ஒரு மாதம் மிச்சம். ஆனால் வெண்டை, முள்ளங்கி, கேரட் எல்லாம் நேரடியாக விதைக்க வேண்டியவை. நாற்றில் ரகம் தெரிவதும் சிரமம். கேட்டால் பல இடங்களில் ‘கத்தரி’ என்பதோடு சரி.

ரகம்தான் முக்கியம் என்றால் மேலே சொன்ன கணக்கையெல்லாம் தள்ளி வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி மாதிரி ஒன்றின் விதை உங்களிடம் இருந்து, பத்தில் இரண்டே முளைத்தாலும் அந்த இரண்டையும் வளர்த்தே ஆக வேண்டும். ஒரு பழுத்த கத்தரிக்காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். பக்கத்தில் வேறு கத்தரி பூக்காமல் பார்த்துக்கொண்டு, காய் மஞ்சளாகும் வரை செடியிலேயே விட்டு விதை எடுங்கள்.

அந்த விதையைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 5 டிகிரி வெப்பம் குறைந்தாலும் அப்படியே என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டனின் கணக்கு. நிழலில் நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது பாட்டிலின் குளிர்ச்சி முழுக்க விட்ட பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் விதை மேல் படிந்துவிடும்.