முன் பெஞ்சா, தினசரி அட்டையா?

ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு) உள்ள பிள்ளை என்று தெரிந்ததும் பள்ளிகள் பெரும்பாலும் முதலில் செய்வது முன் பெஞ்சுக்கு மாற்றுவதுதான். செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். ஜன்னலும் வாசலும் கண்ணில் படாது. கவனம் சிதறும்போது ஆசிரியர் மேசையில் மெல்லத் தட்டினால் போதும். ஆனால் சில பிள்ளைகள் பின்னால் எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆசிரியர் நடக்கும் வழியோரம், அமைதியான பிள்ளைக்குப் பக்கத்து இடமே மேல்.

தினசரி அட்டை என்பது பிள்ளையின் அன்றைய இலக்குகளை எழுதி, ஆசிரியர் டிக் போட்டு வீட்டுக்கு அனுப்பும் அட்டை. இதற்கு உழைப்பு அதிகம். மூன்று நான்கு இலக்குகள், அதுவும் கண்ணால் பார்த்து டிக் போடக்கூடியவை. "ஒழுங்காக இரு" என்று எழுதினால் பயனில்லை. "முதல் 5 கணக்கை பீரியட் முடிவதற்குள் போட்டான்" என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு பீரியடும் டிக், மாலையில் வீட்டில் சின்னப் பரிசு: கூடுதலாக அரை மணி நேரம் கிரிக்கெட், பிடித்த தோசை. பரீட்சை மார்க் போலத் தள்ளி வரும் பலன் இந்தப் பிள்ளைகளை அவ்வளவாக இழுக்காது. அன்றன்றே கிடைப்பது இழுக்கும். முதல் வாரத்தில் பெரும்பாலான டிக்குகளை வாங்கும்படி இலக்கு எளிதாக இருக்கட்டும். அப்புறம் கூட்டலாம். அட்டையைக் காட்டித் திட்டினால், அது வழியிலேயே தொலைந்துபோகும்.

நாற்பது பேர் வகுப்பில் இதற்கு எங்கே நேரம் என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் என் ஓட்டு அட்டைக்கே. இடம் மாற்றினால் கவனம் சிதறுவது குறையும். எடுத்த வேலையை முடிக்கப் பழக்குவது அட்டைதான்.