கைக்குழந்தையோடு தனியாக: பிராங்க்பர்ட்டிலிருந்து காவேரிப்பட்டணம் வரை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூர் விமான நிலையமே பக்கம். ஆனால் கணவருக்கு விடுப்புக் கிடைக்காமல், எட்டு மாதக் குழந்தையோடு நான் மட்டும் முதன்முறையாக ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்கு, எங்கள் ஊருக்குக் கிளம்ப நேர்ந்தபோது, தொலைவைவிட வேறொரு கணக்கே எனக்குப் பெரிதாகப் பட்டது. வழியில் கிடைக்கும் ஒவ்வொரு சேவையும் என் ஒரு கையையாவது விடுவிக்கிறதா என்பதே அது. துபாயில் இறங்கி மாறும் பயணச்சீட்டு விலை குறைவாக இருந்தும் நேரடி விமானத்தை எடுத்தேன்; தூங்கும் பிள்ளையை நடுவழியில் எழுப்பி மறுபடியும் ஒரு சோதனை வரிசையில் நிற்பதற்கு அந்தச் சேமிப்பு ஈடாகாது.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். பன்னாட்டுப் பயணங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வாங்குகிறார்கள். முன்வரிசைத் தடுப்புச் சுவரில் மாட்டும் பாசினெட் தொட்டில்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், சீட்டு எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் இருக்கைப் பட்டி விளக்கு எரியும்போதெல்லாம் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் கட்டச் சொல்வார்கள் என்பதால், தொட்டில் கிடைத்துவிட்டது, இரவு முழுவதும் தூங்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். மடிக்குழந்தையோடு வரும் இருவரை அடுத்தடுத்து உட்கார வைக்காததற்கும் காரணம் உண்டு: தலைக்கு மேல் இருக்கும் ஆக்சிஜன் முகமூடிகள் அந்த இருக்கைகளின் எண்ணிக்கையைவிடப் பொதுவாக ஒன்றுதான் கூடுதல்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை பெற விரும்புவோர், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. திரும்பும்போது காட்ட வேண்டிய குழந்தையின் ஜெர்மானிய வதிவிட அட்டையையும், தந்தை கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துச் சென்றேன்.

கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்குப் பாதுகாப்புச் சோதனையில் உள்ள நூறு மில்லிலிட்டர் கட்டுப்பாடு குழந்தைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் இல்லை; தனியாக எடுத்துக் காட்டினால் போதும். தள்ளுவண்டிதான் தொல்லை. குழந்தையைத் தூக்கி, வண்டியை மடக்கி, சோதனைக் கருவியின் ஓடும் பட்டையில் ஏற்ற இரண்டு கைகளும் வேண்டும். மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் இல்லாமல் இந்தப் பயணத்துக்குத் தனியாகக் கிளம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தள்ளுவண்டி சில இடங்களில் விமானத்தின் வாசலிலேயே கிடைக்கும், சில இடங்களில் பெட்டிகளோடு சேர்ந்துதான் வரும் என்பதால், இறங்கிய பிறகும் கேரியர்தான் கைகொடுக்கும்.

விமானத்தில் பெரிய சேவை செய்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாட்டிமார்கள். சேலத்துப் பாட்டி ஒருவர், "கண்ணு, கொழந்தையக் குடு, நீ போயி நிம்மதியாச் சாப்புடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பணிப்பெண்கள் கனிவானவர்கள்தான், ஆனாலும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது அவர்கள் வேலையில் சேராது. தரையிறங்கும் முன்பாக, விமானம் தாழத் தொடங்கும்போதே பால் கொடுக்க ஆரம்பித்தேன். உறிஞ்சி விழுங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமப்படுவதால் வலி குறையும்.

2023 செப்டம்பர் முதல் பெங்களூரின் பன்னாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்துக்கு மாறிவிட்டன. குடியேற்றச் சோதனையில் ஊழியர் ஒருவர் தாமாகவே என்னை வரிசையின் முன்னால் அழைத்துச் சென்றார். பெட்டி வண்டிகளும் இலவசமாகக் கிடைத்தன. அதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

மீதமிருந்த சாலைப் பயணத்தைத்தான் நாம் கவனித்துத் திட்டமிட வேண்டும். விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நம் சாலையோ தெற்கே ஓசூர் வழியாகப் போகிறது. எனவே ஊர் முழுவதையும் குறுக்காகக் கடந்தாக வேண்டும். நள்ளிரவுக்குப் பின் இறங்குவது அலுப்புதான் என்றாலும், அந்த நேரத்தில் ஹெப்பாள், சில்க் போர்டு போன்ற நெரிசலான சாலைச் சந்திப்புகளும் வெறிச்சோடிக் கிடப்பதால் குழந்தையோடு நெரிசலில் சிக்கும் கொடுமை இல்லை. செயலி வழியே பதியும் கர்நாடக வண்டி, தமிழகத்துக்குள் வர அனுமதி வரி கட்ட வேண்டும். அதுவும் சுங்கக் கட்டணமும் காட்டப்படும் தொகையில் அடக்கமா என்று முன்பே கேட்காவிட்டால், ஜூஜூவாடி சோதனைச் சாவடியருகே இருட்டில் பேரம் பேச நேரிடும். அதனால் எங்கள் ஊரிலிருந்தே டி.என்.24 பதிவெண் கொண்ட வண்டியை அப்பா ஏற்பாடு செய்தார். கர்நாடகத்துக்குள் நுழைய அந்த வண்டிக்கும் வரி உண்டு; அதை ஓட்டுநர் இணையத்தில் முன்கூட்டியே கட்டிவிட்டு வந்திருந்தார்.

குழந்தைக்கான கார் சீட்டை நான் உடன் கொண்டு வந்திருந்தேன். பெரும்பாலான விமான நிறுவனங்கள் இதைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் நம் ஊர் வாடகைக் கார்களில் பின்னிருக்கைப் பட்டியின் கொக்கிகள் உறைக்கு அடியில் புதைந்து கிடப்பது வழக்கம். முதல் நாளே அப்பா சொல்லிவைத்திருந்ததால், "உறையைக் கழட்டிட்டேன் அக்கா, பெல்ட் வெளிய இருக்கு" என்று ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாவிட்டால், சீட் டிக்கியிலும் குழந்தை என் மடியிலும் வந்திருக்கும்.

சூளகிரிப் பக்கம் நிறுத்திய உணவகத்தில் டயப்பர் மாற்ற மேசை கிடையாது. காரின் பின்னிருக்கைதான் மேசை. டீக்கடையில் கொதித்த தண்ணீர் கேட்டால் மறுப்பவர் இல்லை. பேருந்தில் வருவோருக்கு ஒன்று சொல்லலாம்: 2015 ஆகஸ்டில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா மாநிலம் முழுவதும் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார், நிலையத்தில் இறங்கியதும் விசாரித்துப் பார்க்கலாம்.

திரும்பும் பயணத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். நம் நாட்டு விமான நிலையங்களில் சீட்டும் அடையாள ஆவணமும் காட்டினால்தான் வாசலுக்குள் விடுவார்கள். வழியனுப்ப வந்த அப்பாவும் தம்பியும் வெளியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். நிறுவனத்தின் உதவியாளரை முன்பே கேட்டுப் பதிந்திருந்தாலும், அவர் பதிவு முகப்பில்தான் நம்மைச் சந்திப்பார். வாசலுக்கும் முகப்புக்கும் இடையிலான அந்தத் தூரத்தைக் கருதியே என் சுமையை ஒரே பெட்டியாகக் குறைத்துக்கொண்டேன். அம்மா போட்டுவைத்த மாங்காய் ஊறுகாய் ஜாடிகள் கணவர் வரும் பயணத்துக்காகக் காவேரிப்பட்டணத்தில் காத்திருக்கின்றன.