மூன்று ஜோடி ஷூவைச் சேர்த்து வாங்காதீர்கள்: காரைக்குடிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் காலையில் ஓடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஷூ வாங்கப் போங்கள். ரோட்டுக்கு ஒன்று, செம்மண்ணுக்கு ஒன்று, நீண்ட ஓட்டத்துக்கு ஒன்று என்று மூன்று ஜோடியை ஒரே விலை பேசிக் கட்டிக் கொடுக்கும் வியாபாரம் நம் ஊரில் நடக்கிறது. எங்கள் குழுவில் நான் உட்படப் பலர் அதில் பணத்தை இழந்திருக்கிறோம். ஒருவருக்குக் கையே ஒடிந்துவிட்டது. புகார் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றும் முறை தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கடைக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. அதனால்தான் இத்தனை பேர் நம்பினார்கள்.

"அண்ணே, ஒரே ஷூவைத் தினமும் போட்டா ஃபோம் அமுங்கிப் போயிரும்ணே. மாத்தி மாத்திப் போடுங்க. காலுக்கும் நல்லது, ஷூவும் நாள்பட வரும்" என்றார். உண்மைதான். லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஷூவும் காலின் ஒவ்வொரு இடத்தில் பாரத்தை ஏற்றுவதால், ஒரே தசையும் ஒரே மூட்டும் தினமும் அடிவாங்குவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நம் ஊர்த் தரைக்கும் இரண்டு வகை ஷூ தேவைதான். குன்றக்குடி ரோட்டில் ஓடினால் முழுக்கத் தார். கண்மாய்க் கரையில் ஏறினால் செம்மண்ணும் உருளும் சரளையும் சீமைக்கருவேல முள்ளும். ரோட்டு ஷூவின் வழவழப்பான அடி சரளையில் நிற்காது. மண்பாதையில் ஓடுவதற்கென்றே வரும் ட்ரெயில் ஷூவின் அடியில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குப் பல் பல்லாக ரப்பர் கிரிப் இருக்கும். அது மண்ணைக் கவ்விக்கொள்ளும். அதையே தாரில் போட்டுத் தினமும் ஓடினால் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆக, மூன்று ஜோடி என்று அவர் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் எம்ஆர்பி 8,999 ரூபாய் என்று போட்டிருந்தது. மூன்றும் சேர்த்து 9,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, ஏற்றுமதி மிச்சம் என்றார். ஆம்பூர், ராணிப்பேட்டை, செய்யாறு பக்கம் வெளிநாட்டுப் பிராண்டுகளுக்கு ஷூ தைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பில்லும் கொடுத்தார். அதில் 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று அச்சடித்திருந்தது.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

மூன்று ஜோடியில் ரோட்டு ஷூ நல்ல ஷூ. அதை வேண்டுமென்றேதான் நன்றாகக் கொடுத்திருக்கிறார். "முதல்ல இதைப் போட்டுப் பழக்குங்கண்ணே. ட்ரெயில் ஷூவை மழை பெஞ்சு கண்மாய்க் கரை ஈரமானப்புறம் எறக்கலாம். குஷன் ஷூ பெரிய ஓட்டத்துக்கு, அதுவரைக்கும் பெட்டியிலயே இருக்கட்டும், அழுக்காக்காதீங்க" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். வாங்கியது ஆவணியில். மற்ற இரண்டு பெட்டிகளையும் திறந்தது ஐப்பசி கழிந்து. அதற்குள் அந்த 7 நாள் எப்போதோ முடிந்திருந்தது. எங்கள் குழுவில் வாங்கிய எல்லோரிடமும் இதையே, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ட்ரெயில் ஷூவைப் போட்டுக்கொண்டு பிரான்மலைக்குப் போயிருந்தோம். பாரியின் பறம்பு மலை என்கிறார்களே, அதே மலைதான். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது வலது காலின் கிரிப் முன்பக்கத்திலிருந்து உரிந்து தொங்கியது. கையால் இழுத்தேன், முழுத் தகடாக வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் வேறொரு ஷூவின் அடி! குதிகாலின் வெளிப்புறம் சாய்வாகத் தேய்ந்து, இடுக்கில் பொடிக் கல் அடைந்து கிடந்தது. யாரோ எங்கேயோ ஓடித் தேய்த்துப் போட்ட ரோட்டு ஷூவைக் கழுவி, மேலே ஒரு பல் தகட்டை ஒட்டி, ட்ரெயில் ஷூ என்று விற்றிருக்கிறார்கள். கிரிப்பில் இருந்த மஞ்சள் முத்திரைகூட வெறும் பெயின்ட்தான். நகத்தால் சுரண்டியதும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது பெட்டியைத் திறந்தேன். மேலே பார்க்கப் புத்தம் புதிது. நடுவில் இருக்கும் தடித்த ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. பிசைந்தால் புட்டு மாதிரி உதிர்கிறது. ஷூ நாக்கின் உட்புறம் தைத்திருக்கும் சிறிய லேபிளைப் பார்த்தேன். சைஸுக்குக் கீழே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் 08/23 என்று இருந்தது. ஓரத்தை மெதுவாகத் தூக்கினால் அடியில் ஃபேக்டரியில் அச்சடித்த தேதி, 2017. பெட்டியின் பக்கத்திலும் அதே மாதிரி ஸ்டிக்கர், அடியில் அதே 2017.

ஷூ போடாமல் வைத்திருந்தாலும் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த வியாபாரமே அதை நம்பித்தான் நடக்கிறது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றில் உள்ள ஈரத்தாலேயே வருடக்கணக்கில் உள்ளுக்குள் அறுபட்டுக்கொண்டே வரும். ஒருநாள் பொடியாகும். இன்றைய ஓட்ட ஷூக்களில் அதிகம் வரும் ஈவிஏ ஃபோம் இப்படி உதிராது, ஆனால் இறுகிப்போகும். பார்க்க அழகாக இருக்கும், அதிர்ச்சியை வாங்காது, முழங்காலும் கணைக்காலும் வாங்கும். தகரக் கூரைக் குடோனில் நம் சித்திரை வெயிலில் கிடந்தால் பசையும் விட்டுப்போகும். நல்ல ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். அது புதுச்சரக்குக்குச் சொன்ன கணக்கு. கெட்டுப்போன ஃபோம் முதல் கிலோமீட்டருக்கே தாங்காது.

எங்களோடு வரும் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் அறுபது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவர். மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த அதே மூன்று ஜோடி. கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது கிரிப் பிரிந்து சறுக்கி விழுந்து, ஊன்றிய கையில் மணிக்கட்டு ஒடிந்தது. எனக்குப் போன பணத்தைவிட இதுதான் ஆறவில்லை. நாங்கள் சேர்ந்து போய்க் கேட்டபோது கடைக்காரர், "ஆச்சி, உங்க வயசுக்கு மண்ணுல ஓடலாமா? 7 நாள் முடிஞ்சிருச்சு, நான் என்ன பண்ண முடியும்?" என்றார். ஒரு மன்னிப்புகூட இல்லை.

7 நாள் என்பது பிடிக்கவில்லை, சைஸ் சரியில்லை என்று மாற்றுவதற்கு அவர் வைத்த கெடு. குறைபாடுள்ள பொருளை விற்று ஏமாற்றியதற்கு அந்தக் கெடு பொருந்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியது தனிக் குற்றம். பெட்டியில் அச்சிட்ட விலையைக் குறைத்துக் காட்ட மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. அங்கேயும் மனு கொடுத்திருக்கிறோம்.

சரி, இனி வாங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? இரண்டு மூன்று ஜோடி மாற்றிப் போடுவதை விட்டுவிடாதீர்கள், ஆனால் ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஒரு ஜோடி பாதி தேய்ந்ததும் அடுத்தது. எப்படியும் எல்லாம் ஒரே நேரத்தில் தேயாமல் இருப்பதுதான் ஓடுகிறவருக்கு வசதி. வாங்கிய எந்த ஜோடியையும் மாற்றும் கெடு முடிவதற்குள் அது எந்தத் தரைக்கோ அந்தத் தரையில் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். அழுக்காகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடையிலேயே நாக்கின் லேபிளைத் தடவிப் பாருங்கள், ஸ்டிக்கர் கைக்குத் தட்டுப்படும். லேபிளில் உள்ள மாடல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோமை அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். அடித்தகடும் ஃபோமும் சேரும் கோட்டில் பசை வழிந்திருந்தால் வேண்டாம்.

இதே மாதிரி மூன்று ஜோடியாக ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், பெட்டியில் இருக்கும் மற்ற இரண்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கரைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ, பிரித்த பின் ஒரு போட்டோ எடுங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் புகாரோடு உங்களுடையதையும் சேர்க்க விரும்பினால் இங்கேயே எழுதுங்கள், மனு நகல் அனுப்புகிறேன்.