150 ரூபாய் கிராக்கிள் பாலிஷ்: வாங்கலாமா?

வளையல் வாங்கப் போன ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கறுப்பு கிராக்கிள் நெயில் பாலிஷ் (காயும்போது வெடித்து, அடியில் போட்ட நிறத்தைக் காட்டும் பாலிஷ்) கண்ணில் பட்டது, 150 ரூபாய். 2011-இல் அமெரிக்கப் பாடகி கேட்டி பெர்ரி பெயரில் ஓ.பி.ஐ. என்ற நெயில் பாலிஷ் கம்பெனி இதே மாதிரி பிளாக் ஷேட்டர் என்று ஒன்றை விட்டபோது வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை மகள் விரலில் பார்த்து ஏங்கியவள் நான், அதனால் யோசிக்கவே இல்லை.

முதல் தடவை சொதப்பல். அடியில் வெள்ளி நிற பாலிஷ் போட்டு ஐந்தே நிமிடத்தில் கறுப்பை ஏற்றிவிட்டேன், பிரஷ்ஷோடு வெள்ளியும் இழுபட்டு வந்து, நகம் முழுக்கத் தார் ரோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. ரிமூவரும் பஞ்சும் எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். இந்தக் கறுப்பு மளமளவென்று காய்ந்து சுருங்கும், அடியில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள முடியாமல் பிய்ந்து விலகும், அந்த விலகல்தான் டிசைனே. அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்திருந்தால்தான் இது நடக்கும். இரண்டாவது முறை சீரியல் ஒன்று முடியும்வரை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கறுப்பை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் நகத்தின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று விழுகிறது, அதிலிருந்து கிளை பிரிந்து, கோடை முற்றியபின் கண்மாய்த் தரை வெடிப்பது மாதிரி வெடித்து, இடையில் வெள்ளி மினுங்குகிறது. பார்க்கவே சுகமாக இருக்கிறது! விட்டுப்போன இடத்தைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி பிரஷ்ஷை வைத்தால் கதை முடிந்தது, வெடிப்பெல்லாம் அடைபட்டுவிடும். மெல்லிசாகப் போட்ட விரல்களில் பொடிப்பொடியான கீறல், கொஞ்சம் தடிப்பாகப் போட்ட கட்டைவிரலில் அகலமான பிளவு. எனக்குக் கட்டைவிரல்தான் பிடித்தது.

காய்ந்ததும் பளபளப்பே இல்லாமல், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மேலே பூசும் நிறமில்லாத பளபளப்புப் பாலிஷ், அதாவது டாப் கோட், கட்டாயம் வேண்டும், அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அது போட்டு நாலு நாள் பாத்திரம் கழுவியும் தாங்கியது, நுனியில் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அம்மாதான் "என்னடி, பாலிஷ் உரிஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வெள்ளைப் பசையை வைத்தும் செய்யலாம், காய்ந்த பாலிஷ் மேல் பசை தடவி அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே இன்னொரு நிறத்தை ஏற்றினால் வெடிக்கிறது. ஆனால் தண்ணீர் பட்டால் பசை ஊறி, என் விரலில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒரு விசேஷத்துக்குப் போய்வர அது போதும்.

பாட்டிலில் ஒரு குறை உண்டு. கடையில் ரொம்ப நாள் கிடந்ததோ என்னவோ, திறந்தபோதே கொஞ்சம் கெட்டியாக இருந்தது. வாங்கும்போது ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள், தண்ணியாக ஓடினால் எடுக்கலாம், தேன் மாதிரி இறங்கினால் வேறு பாட்டில் கேளுங்கள்.