'டைஅசிட்டைல் இல்லை' என்று லேபிள் ஒட்டிய வேப் லிக்விட்: வாங்குபவர்கள் கவனத்துக்கு

கஸ்டர்ட், கேரமல், வெண்ணெய் மாதிரி கிரீம் வாசனை வரும் வேப் லிக்விட் (மின்-சிகரெட்டில் ஊற்றி ஆவியாக இழுக்கும் திரவம்) வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் ஒருவரிடம் கஸ்டர்ட் ஃபிளேவர் வாங்கினேன். பாட்டிலின் முன்பக்கம் 'டைஅசிட்டைல் இல்லை', 'உணவுத் தரம்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், 'சுவையூட்டிகள்'. என்ன சுவையூட்டி, எவ்வளவு? ஒரு வார்த்தை கிடையாது.

சில வாரத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. அப்புறம் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுக ஆரம்பித்தது. விற்றவரிடம் கேட்டால், "உடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை என்று மறுபடி எழுதினேன். "உங்க காயில் பழசா இருக்கும்" என்று பதில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள். பரிசோதனை அறிக்கையைக் கேட்டுத் துரத்திய பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் இருந்த பேட்ச் எண் என் பாட்டிலில் இருந்தது அல்ல. ஃபிளேவர் கஸ்டர்டும் அல்ல, புதினா! சோதித்திருந்ததும் ஒரே ஒரு பொருளை, டைஅசிட்டைலை மட்டும்.

ஏமாற்றே அந்த 'மட்டும்' என்பதில்தான் இருக்கிறது. டைஅசிட்டைல் என்பது வெண்ணெய் வாசனை தரும் ரசாயனம். தின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்தவர்கள் சிலருக்கு மூச்சுவிடவே முடியாத நோய் வந்திருப்பது தெரியவந்தது. வெண்ணெய் ஃபிளேவரின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்கள் அவர்கள். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களின் உள்சுவர் புண்ணாகி, தழும்பு ஏறி, குழாயே குறுகிவிடும். ஏறிய தழும்பு திரும்ப இறங்காது. 'பாப்கார்ன் நுரையீரல்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பெயர் கெட்டதும் தயாரிப்பாளர்கள் பலர் அசிட்டைல் புரொப்பியோனைலுக்கு மாறினார்கள். டைஅசிட்டைலைவிட ஒரே ஒரு கார்பன் கூடுதல். விலங்குச் சோதனைகளில் இதுவும் காற்றுக்குழாயை அதே விதமாகப் புண்ணாக்கியது. இன்னொரு மாற்று அசிட்டோயின். அது பாட்டிலில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக டைஅசிட்டைலாக மாறக்கூடியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் 51 ஃபிளேவர்களைச் சோதித்தார்கள். 39-ல் டைஅசிட்டைல் இருந்தது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தவை 47. ஆக, முன்பக்க வாசகம் உண்மையாகவே இருக்கலாம், அதை நம்பி வாங்கியவர் ஏமாந்தும் போகலாம்.

'உணவுத் தரம்' அதைவிட மோசம். வயிற்றுக்குப் போவதை அமிலமும் ஈரலும் ஒரு கை பார்த்துக்கொள்ளும். நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்கச் சுவையூட்டித் தயாரிப்பாளர் சங்கமே, தாங்கள் பாதுகாப்பானது என்று மதிப்பிடுவது சாப்பிடுவதற்கு மட்டும்தான், வேப்புக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. அதை எந்த பாட்டிலிலும் நான் பார்த்ததில்லை.

சாப்பிடுவதற்கும் சுவாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் 2019-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வைட்டமின் ஈ அசிட்டேட், முகத்துக்குப் பூசும் கிரீமிலும் சத்து மாத்திரையிலும் இருக்கும் சாதுவான எண்ணெய். கள்ளச்சந்தையில் கஞ்சா கார்ட்ரிட்ஜ் (கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் குப்பி) வாங்குபவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே காற்றுக்குமிழி எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பார்ப்பார்கள். மெதுவாக ஏறினால் கலப்படமில்லை என்று கணக்கு. விற்பவர்கள் அந்தச் சோதனைக்கு ஏற்றபடி இந்த எண்ணெயைக் கலந்து கெட்டியாக்கினார்கள். அதை இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதித்தது. 2020 பிப்ரவரி வரை வேப்பால் நுரையீரல் பாதித்து மருத்துவமனையில் சேர்ந்தோரும் இறந்தோருமாக 2,807 பேர் பதிவானார்கள், அதில் 68 பேர் உயிர் போய்விட்டது. நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது, 51 நோயாளிகளில் 48 பேரிடம் இந்த எண்ணெய் இருந்தது.

"சிகரெட்டில் இதைவிட அதிகம் டைஅசிட்டைல் இருக்கு சார்" என்பது அந்த விற்பனையாளரின் கடைசி அஸ்திரம். உண்மைதான், இருக்கிறது. ஆனால் நான் காசு கொடுத்தது 'சிகரெட்டைவிடக் கம்மி' என்பதற்கு அல்ல, 'இல்லை' என்பதற்கு. வேப் இழுப்பவர்கள் எல்லோருக்கும் பாப்கார்ன் நுரையீரல் வரும் என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு வந்த இருமலுக்கு இன்ன ரசாயனம்தான் காரணம் என்று நுரையீரல் மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊதவைத்துச் சோதித்தார், உடனே நிறுத்தச் சொன்னார், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். சிறு குழாய்களின் பாதிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்றும் சொன்னார். 'எக்ஸ்ரே நல்லா இருக்கு' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இருமல் இப்போது குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பணமும் வரவில்லை.

எந்த பாட்டிலாக இருந்தாலும் அதே பேட்ச் எண் போட்ட அறிக்கை கேளுங்கள். மூன்று பொருளையும் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வேப் பழக்கம் இருந்து மூச்சிரைப்பு, காய்ச்சல், கூடவே வாந்தி என்று வந்தால் மருத்துவரிடம் வேப் விஷயத்தை மறைக்காதீர்கள், 2019-ல் பலருக்கு முதலில் நிமோனியா என்றுதான் வைத்தியம் நடந்தது. பாட்டிலையும் கார்ட்ரிட்ஜையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப்போங்கள்.